மாரியாயியைப் பெரட்டுக்கு அனுப்பியவர்

கொழும்பிலிருந்து வந்த துணிமூட்டையை இறக்கும்போதே லொறி டிரைவர் சொன்னார்: "முதலாளி, உங்க லோயர் ஐயா தவறிட்டாராம்." அளந்துகொண்டிருந்த சீத்தைத் துணியை அப்படியே வைத்துவிட்டேன். ஹட்டன் கடைத்தெருவில் அன்று என் வியாபாரம் அதோடு சரி.

லோயர் அரங்கசாமி ஐயாவிடம், இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் சட்டம் படித்திருப்பீர்கள். தோட்டத்து ஆளுக்கும் விளங்குகிற தமிழில் தொழிலாளர் சட்டத்தை முதன்முதலாக எழுதியவர். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. தோட்டத்து ஜனங்கள் சாமான் வாங்க வரும் நாளென்று என் கடையில் வந்து உட்காருவார்.

"இவ்வளவு படிச்சும் ஒரு கம்பளிக்குப் பேரம் பேசத் தெரியலையே ஐயா" என்பேன்.

"உங்களப்போல ஆளுங்க பேரம் பேசுறதாலதான் முதலாளி, சட்டமே வேண்டியிருக்கு" என்பார்.

ஒரு ஞாயிறு, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து மாரியாயி சட்டிபானை மூட்டையோடு வந்து நின்றாள். கங்காணியோடு வாய்த்தகராறு செய்த புருஷனுக்கு வேலை போய்விட்டது. வேலைப் பதிவில் புருஷன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரும் போகும், குடியிருக்கும் லயத்தையும் குடும்பமே காலி செய்ய வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். துரை சொல்லுமுன்பே, மானத்துக்குப் பயந்து இவளே கிளம்பிவிட்டாள்.

"கொழுந்து பறிச்சது அவரு கையா, உங்க கையா?" என்று கேட்டார் ஐயா.

"என் கைதானுங்க."

"அப்ப உங்க வேலை உங்களுது. லயத்துக்குத் திரும்பிப் போயி அடுப்ப மூட்டுங்க. காலையில கூடையோட, வேலைக்கு ஆள் பிரிக்குற பெரட்டுல போயி நில்லுங்க. திருப்பி அனுப்பினா மறுநாளும் போங்க. நீங்களா வெளிய வந்துடாதீங்கம்மா. நீங்களே வேலைய விட்டு ஓடிட்டதா எழுதிடுவாங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. "துரையோட மோதி ஆகுற காரியமா ஐயா?" என்றேன். ஐயா மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பெரட்டில் மாரியாயி தினமும் போய் நின்றாள். "வேலையில்லாதவளுக்குக் கூடை எதுக்குடி?" என்று கங்காணி கேலி செய்தாராம். "நீங்க வேணாம்னு சொல்றத நாலு பேரு கேக்கட்டுமுன்னுதான் வந்தேன், கங்காணியாரே" என்றாளாம் இவள்.

அந்த நாலு பேரும் ஐயா போட்ட வழக்கின் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். ஐயா வாதாடினார். புருஷனுக்கு வேலை கிடைக்கவில்லை. மாரியாயிக்குப் பேரும் நிலைத்தது, லயமும் நிலைத்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேடி ஜனங்கள் வருகிறார்கள். "நீங்களா வெளிய வந்துடாதீங்க" என்று மட்டும் சொல்கிறேன். அவரிடமிருந்து என் கையில் தங்கியது அந்த ஒரு வார்த்தைதான். "சரிங்க முதலாளி, அப்புறம் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டுச் சொல்லத்தான் எனக்கு ஆளில்லை.