உயிரோடிருப்பவளுக்குப் போட்ட கட்டு

கண் அறுத்த மறுநாள் மத்தியானம், மிஷன் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் அம்மா என்னிடம் கேட்டாள்:

"ஏட்டி, என்னைய எப்ப எடுக்கப் போறிய?"

"வீட்டுக்கா அம்மா?"

"சுடுகாட்டுக்கு."

மயிலாடியிலிருந்து வில்வண்டியில் கூட்டிவந்திருந்தோம். இரு கண்ணிலும் புரை (கருமணிக்குப் பின்னாலுள்ள வில்லை வெளுத்துப்போவது). அறுத்தது வலக்கண் மட்டும். ஆனால் ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும் என்று இரண்டையும் கட்டியிருந்தார்கள். தலைக்கு இருபுறமும் மணல்பை. காயத்துக்குத் தையல் கிடையாது. தலையை உலுக்கினால் விரிந்து கண் போய்விடும் என்றார் டாக்டர். காலையில் கட்டைப் பிய்க்கப் பார்த்தாள். அதனால் கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது.

மல்லாக்கக் கிடத்தித் தலைக்கும் கைக்கும் கட்டுப் போடுவது எங்களில் செத்தவருக்குத்தான். யாருக்கும் இது தோன்றவில்லை. போதாததற்கு நான் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்களுக்காக என்ன பாடு பட்டே அம்மா" என்று அழுதுகொண்டிருந்தேன்.

அவள் தலை மணல்பையை விட்டு எழும்பத் தொடங்கியது.

நர்ஸ் ஓடிவந்து தோளை அமர்த்தினாள். "கண்ணைக் கட்டின இருட்டில வயசானவங்களுக்குப் புத்தி தடுமாறும். அழாதீங்க அக்கா, வேற ஏதாவது பேசுங்க."

என்ன பேச? வாய்க்கு வந்தது இதுதான்:

"என் கல்யாணத்துக்கு நீ தந்த வெண்கல உருளி ஒழுகுது."

அசைவு நின்றது.

"ஒழுகுதா? வெறும் உருளிய அடுப்பில வச்சிட்டு ஊர்க்கதை பேசப் போனது யாருட்டி?"

"தங்கச்சிக்கு மட்டும் நல்லதாப் பாத்துக் குடுத்தே."

"அவ தேச்சு வச்சிருக்கா. நீ கீறல் விட வச்சே, மூதேவி!"

"தலையை அசைக்காம ஏசுங்க பாட்டி" என்றாள் நர்ஸ், சிரிப்பை அடக்கி.

செத்தவளிடம் யாரும் குறை சொல்வதில்லை. அம்மாவுக்கு அது தெரியும். கைக்கட்டை அவிழ்த்தோம். கண்கட்டு அவிழும்வரை அவள் கை ஒன்று என் கைக்குள் இருந்தது.

இதே கட்டிலுக்கு ஆளைக் கூட்டிப் போகிறவர்களே, தொடுமுன் உங்கள் பேரைச் சொல்லுங்கள். பகலா இரவா என்று அவர்கள் கேட்குமுன் சொல்லுங்கள்.

வலக்கண் தெளிந்தது. தடித்த கண்ணாடி போட்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். இடக்கண்ணையும் அறுக்கலாம் என்றார் டாக்டர்.

"ஒருக்க செத்தது போதும் டாக்டரே."

நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய ஒரு கண் எங்களோடு விடிகிறது. மற்றது அந்த மத்தியானத்திலேயே கிடந்து வெளுக்கிறது.

உண்டுவிட்டு அவள் மல்லாந்து உறங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. போய் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன். "சும்மா கெடக்க விடமாட்டியா?" என்று ஏசுகிறாள். அந்த ஏச்சு முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.