அசையாமல் நின்ற விளையாட்டு

குறிஞ்சிப்பாடியில் அண்ணன் வீட்டுக் கூடத்துக்குள் நேற்று வாய்க்கால் உடைந்து தண்ணீர் புகுந்தபோது, பாசியும் கோரையும் சேர்ந்து ஊறிய அந்த வாசனையை உடனே கண்டுகொண்டேன். அது, எப்போதோ இல்லாமல் போய்விட்ட எங்கள் ஏரியின் வாசனை.

பள்ளி விட்டதும் நானும் அண்ணனும் அந்த ஏரிக்குப் போய் முழங்கால் தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நிற்போம். முதலில் அசைகிறவருக்குத் தோல்வி. கலங்கிய தண்ணீர் மெல்லத் தெளிய, கெண்டைக் குஞ்சுகள் வந்து காலைக் கொத்தும், தட்டான் தோளில் உட்காரும், எங்களைப் பட்டுப்போன மரங்கள் என்று நினைத்து நீர்க்காகம் ஒன்று பக்கத்திலேயே முங்கி எழும். மூச்சு விடவும் பயமாக இருக்கும். அவ்வளவு பெரிய உலகம் எங்களை நம்பித் தன் நடுவில் நிற்க விட்டிருந்தது. எப்போதும் அண்ணன்தான் ஜெயிப்பான்; "தோத்துட்ட பாப்பா" என்பான்.

அந்த ஏரியில் மண்ணடித்து மனை போட்டு விற்றவர்களில் அவனும் ஒருவன். அங்கேயே தனக்கும் வீடு கட்டிக்கொண்டான். வெளியில் விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இயற்கையைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால், எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வரும்.

"என்னாங்க, அப்படியே நிக்கிறீங்க? சோபாவத் தூக்குங்க, ஊறிப்போவுது!" என்று கூடத்துத் தண்ணீரின் நடுவில் நின்ற அண்ணனைப் பார்த்து அண்ணி கத்தினார்.

நான் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு சோபாவை நோக்கிப் போனேன். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் கிசுகிசுத்தான்.

"அசையாத பாப்பா. கெண்டக் குஞ்சு வந்துருக்கு."