கரடிக்குத் துணை

இது நடந்தது. காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று எழுந்து போகிற ஆள் நான். ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் இது பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆயிரம் பேர் கூடியிருந்த ஒரு கட்டடத்தில் நடந்தது. நடந்தது என் கூடப் பிறந்த தங்கைக்கு.

அவளை வீட்டில் குருவி என்போம். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். நாடகக் கல்லூரியில் இரண்டாம் வருடம். காலையில் வகுப்பு. மதியம் எங்கேயாவது பொம்மைப் படத்துக்குக் குரல் கொடுப்பாள், இல்லையென்றால் விளம்பரப் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். சாயங்காலம் ஒத்திகை. அதற்கப்புறம் சிநேகிதிகளின் நாடகத்துக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கப் போய்விடுவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தாள். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால், "வழியில பன் தின்னேன்க்கா" என்பாள். எந்த வழியில் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சனி, ஞாயிறு என்றால் கரடி வேலை. ஊருக்கு நடுவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு வளாகம். மேலே சினிமா அரங்குகள், கீழே குழந்தைகள் விளையாடுகிற இடம், நடுவே ஒரு சின்ன மேடை. குருவி கரடி உடைக்குள் புகுந்துகொண்டு அந்த மேடையில் ஆட வேண்டும், குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும். உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும் அந்த வேடிக்கை.

உடை ஒரு பெரிய ஆளுக்காகத் தைத்தது. இவள் அதற்குள் பாதிகூட இருக்க மாட்டாள். ஜிப் முதுகில். தலையைக் கழுத்தோடு சேர்க்க நாலு கொக்கிகள், அவையும் வெளிப்பக்கம். கைகள் இரண்டும் சட்டையோடு சேர்த்துத் தைத்த மொத்தைப் பாதங்கள், அவற்றால் ஒரு பொத்தானைக்கூடப் பிடிக்க முடியாது. ஆக, உள்ளே போனவர் தானாக வெளியே வர முடியாது. கரடியின் வாயில் ஒரு வலைத்துணி. அதன் வழியாகக் காலடியில் நாலு தரைக்கல் தெரியும், அவ்வளவுதான். மூச்சுமுட்டாமல் இருக்கத் தலைக்குள் ஒரு சின்ன மின்விசிறி.

அதனால்தான் கரடிக்கு ஒரு ஆள் உண்டு. அவர்களுக்குள் அதைத் 'துணை' என்பார்கள். துணைதான் ஜிப்பைப் போடுவது, கையைப் பிடித்துக் கூட்டிப்போவது, திரும்பக் கொண்டுவந்து அவிழ்த்துவிடுவது. கரடி வாய் திறந்து பேசக் கூடாது, பேசினால் வேலை போய்விடும். எல்லாம் கை அழுத்தல்தான். துணை ஒரு தடவை அழுத்தினால் 'நில்'. இரண்டு என்றால் 'படி இருக்கிறது'. மூன்று அழுத்தல் கரடி மட்டும் கொடுப்பது. 'என்னால் முடியவில்லை, வெளியே எடு.'

இன்னொரு வழக்கமும் உண்டு. தலையை மாட்டுவதற்கு முன்னால் துணை முன்பக்கம் வந்து நின்று முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டு கையையும் பிடித்து "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தலை. எவ்வளவு அவசரமானாலும் இதை விடக் கூடாது.

அன்றைக்குக் குருவி அதை விட்டாள்.

காரணம் இருந்தது. அன்று ஆறு மணிக்கு ஒரு நாடகக் குழுவில் அவளை முக்கிய வேடத்துக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடமாக அந்த வாசலைத் தேய்த்தவள் அவள். வசனத் தாளை உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, கழுத்துவரை கரடிக்குள் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் துணை, கூடப் படிக்கிற நெட்டை. "தண்ணி குடிச்சிட்டு ஓடியாந்துடறேன்" என்று போனவன் போனவன்தான்.

பின்னால் கதவு திறந்தது. முதுகில் ஜிப் ஏறியது.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

பதில் இல்லை. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி, தலையைப் போடு. நேரமாச்சு."

தலை வந்து இறங்கியது. கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. டக்... டக்... டக்... டக்.

கையைப் பிடித்து நடத்தியபோதுதான் ஒன்று உறைத்தது. நெட்டை எப்போதும் வலது கையைத்தான் பிடிப்பான். இது இடது கை. 'தடிப்பய, இன்னிக்கு மாத்திப் பிடிச்சிருக்கான்' என்று நினைத்துக்கொண்டாள். மனசு முழுக்க வசனம் ஓடிக்கொண்டிருந்தது.

அறையை விட்டு வெளியே வந்தால் வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் மேடை, பாட்டு, குழந்தைகள் இரைச்சல் எல்லாம். இடது பக்கம் திரும்பினார்கள்.

வலைத்துணி வழியே பார்த்தாள். வெள்ளைத் தரைக்கல் முடிந்து சிமெண்ட் தரை வந்தது. நெட்டையின் கால் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. கை மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

இரண்டு அழுத்தல்.

படி. கீழே இறங்குகிற படி. மேடைக்குப் போகிற வழியில் படியே கிடையாது.

குருவி தயங்கினாள். கை இழுத்தது. இறங்கினாள். பாட்டுச் சத்தம் இதுவரை ஒரு பக்கமாகக் கேட்டது. இப்போது தலைக்கு மேலே கேட்டது.

ஒரு அழுத்தல். நின்றாள்.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே...

அப்படியென்றால் கையைப் பிடித்திருப்பவன் உள்ளேயே இருக்கிறான். தாழ்ப்பாள் போட்டது யார்?

வலைத்துணியில் ஒரே இருட்டு. தரைகூடத் தெரியவில்லை. அவள் அந்தக் கையை மூன்று தடவை அழுத்தினாள். வெளியே எடு.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி மூன்று. ஒன்றும் இல்லை.

தலைக்குள் மின்விசிறி 'ர்ர்ர்' என்று இழுத்தது. 'ர்ர்... ர்...' நின்றுவிட்டது. அவளுடைய மூச்சு அவள் முகத்திலேயே திரும்பி வந்து அடித்தது.

அப்போது பதில் வந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று.

துணை மூன்று கொடுப்பதில்லை. எந்தத் துணையும் கொடுப்பதில்லை. அது உள்ளே மாட்டிக்கொண்டவர் கேட்பது.

ஒன்று... இரண்டு... மூன்று.

தலைக்கு மேலே மேடைப் பலகையில் திமுதிமுவென்று சின்னக் கால்கள். கைதட்டல். "கரடி! கரடி!" என்று குழந்தைகள் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் கூப்பிடுகிற கரடி அவர்கள் காலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

குருவி வாய்விட்டு அலறினாள். வேலையாவது மண்ணாவது. "நான் கீழ இருக்கேன்! யாராவது வாங்க!" பஞ்சு அடைத்த தலை சத்தத்தை எல்லாம் குடித்துவிட்டது. மேலே பாட்டு இன்னும் பலமாகப் போனது.

வலது கையையும் எதுவோ பிடித்தது.

இரண்டு கையிலும் சேர்ந்து. ஒன்று... இரண்டு... மூன்று. கெஞ்சுகிற மாதிரி. பிறகு வேகமாக. பிறகு இன்னும் வேகமாக.

உதறினாள். விடவில்லை.

மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. 'இங்கேயே செத்துடுவேன். அக்காவுக்குத் தெரியக்கூடத் தெரியாது.' அப்படித்தான் நினைத்ததாக என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. உடை பெரிது. தான் சின்னவள்.

வலது கையைப் பாதத்திலிருந்து உருவினாள். சட்டைக்குள்ளேயே... மெல்ல... முழங்கை... தோள்...

கை உடம்போடு வந்துவிட்டது.

வெளியே, வெறும் பாதத்தை அது இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. துணி வெட்டி வெட்டி இழுபட்டது.

விரலைக் கழுத்து வழியாக மேலே விட்டாள். துணியோடு சேர்த்துக் கொக்கியை நெம்பினாள். நகம் பிய்ந்தது. ஒன்று கழன்றது. இரண்டு. மூன்றாவது... தலையால் மேலே ஒரே முட்டு முட்டினாள். கரடித் தலை கழன்று விழுந்தது.

காற்று.

மேடைப் பலகை இடுக்குகளில் கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. உடைந்த நாற்காலிகள். சுருட்டிய திரைகள்.

யாரும் இல்லை.

கரடியின் வலது கை காற்றில் நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே கை இல்லாத கை.

அதன் பாதம் அமுங்கியது. உப்பியது. அமுங்கியது. உப்பியது. அமுங்கியது...

தொப்பென்று விழுந்தது.

அவள் கதவில் போய் மோதினாள். எத்தனை தடவை என்று தெரியாது. துப்புரவு வேலை பார்க்கிற அம்மாள் ஒருவர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர், சத்தம் கேட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

செய்தி வந்ததும் நான் வாடகை வண்டி பிடித்து ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது உடையைக் கழற்றிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் ஏற்றி, அவளை ஒட்டி உட்கார்ந்து, வழியெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆறு மணிக்கு அவள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. என் தங்கை ஒரு வேஷத்தைத் தவறவிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நெட்டை அழுதான். அவன் திரும்பி வந்தபோது அறை காலி. இவள் தனியாகவே மேடைக்குப் போய்விட்டாள் என்று அங்கே தேடியிருக்கிறான். சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

நான் என் பாட்டைப் பாடினேன். "வெக்கைடி. காத்து இல்லாம மயக்கம் வந்திருக்கும். எவனோ விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அடைச்சிருக்கான்." குருவி எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. என்னோடு எதிர்த்துப் பேசாமல் ஒரு நாள்கூட இருந்தவள் இல்லை அவள்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய பையை வாங்கிவர நானே அந்த வளாகத்துக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்ட அம்மாளைத் தேடிப்பிடித்து, கையெடுத்துக் கும்பிட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் இப்ப தேவலையாம்மா?"

"எந்த ரெண்டு பேரு?"

"உன் தங்கச்சிக்கும், கூட இருந்த அந்தப் பொண்ணுக்கும்."

"கூட யாரும் இல்லைம்மா. என் தங்கச்சி ஒருத்திதான் உள்ள மாட்டிக்கிட்டா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நல்லா சொன்னே போ. கதவைத் திறந்தவ நான்தானே? முன்னால உன் தங்கச்சி வந்தா. அவ முதுகை ஒட்டிக்கிட்டே அந்தப் பொண்ணு. தலையிலேருந்து கால் வரைக்கும் வேர்வையில நனைஞ்சு, பாக்கவே முடியலை. உன் வண்டியிலதானே ரெண்டும் ஏறுச்சு?"

அவர் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த ஓரம் உன் தங்கச்சி. இந்த ஓரம் அந்தப் பொண்ணு. நடுவுல நீ. பாவம்... வண்டி கிளம்புற வரைக்கும் அது உன் கையை விடவே இல்லையேம்மா."