கொழுந்து வாட்டும் மாடியில் காய்ந்த புத்தகங்கள்

பன்னிரண்டு வருஷமாக நான் வாசிகசாலைப் பக்கமே போகவில்லை. நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் பாமசிக்கு நேர் எதிரே, ரோட்டைக் கடந்தால் பத்து எட்டில்தான் அது இருந்தது. இருந்தும் போகவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அங்கே ஒரு நாவல் எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, 'கடைசியில் இவள் செத்துப்போவாள்' என்று யாரோ பேனையால் எழுதி வைத்திருந்தார்கள். அப்படியே அவள் செத்துத்தான் போனாள். முந்நூறு பக்கத்திலும் அவள் சிரித்த இடத்தில்கூட என்னால் சிரிக்க முடியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது என் அங்கத்துவ அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு புத்தகம் என்றால் வாங்குவதுதான். கண்டிக்கோ கொழும்புக்கோ யார் போனாலும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். வந்து சேர்ந்ததும் பிரவுண் தாளில் உறை போட்டு, உள்ளே என் பெயரை எழுதி, கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். யாராவது இரவல் கேட்டால், "இன்னும் நானே வாசிச்சு முடிக்கலீங்க" என்று பொய் சொல்வேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீஷியன். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதுவும் வாசிக்காதவர். அவர் ஒருநாள் கேட்டார்: "வாசிச்சு முடிச்சதையும் பூட்டியே வச்சிருக்கியே, அதுக்குள்ள மூச்சு முட்டாதா?" எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு அந்த மழை வந்தது. நான்கு நாள் விடாமல் அடித்து, ஐந்தாம் நாள் விடியற்காலையில் வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்சுவர் விழுந்து, சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்திருந்தது. நான் பாமசியைத் திறக்கப் போனபோது நூலகர் மிஸ் முழங்கால் சேற்றில் நின்றபடி புத்தகங்களை அள்ளி வெளி விறாந்தையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பருத்திருந்தது.

"மேல் தட்டுல உள்ளது தப்பிச்சிருச்சு அக்கா. கீழ உள்ள அறுநூறு எழுநூறு புத்தகமும் நனைஞ்சிருச்சு. வெயில் வந்தா காய வைக்கலாம்" என்றார்.

நாங்கள் இருவருமே வானத்தைப் பார்த்தோம். எதிர் மலைகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மாலை வீட்டில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொழுந்து எப்படிக் காயுது? வெயில்லயா? பெக்டரி மாடியில தட்டுல பரப்பி, கீழ இருந்து பேன் போட்டு, காத்துலதான காய வைக்கிறோம். தாளு காயாதா?"

நான் அவரையே பார்த்தேன். இத்தனை புத்தகம் வாசித்த எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் இருவருமாக, பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவைப் பார்க்கப் போனோம். மேல் மலைக்குப் போகும் ரோடு மண்ணால் அடைபட்டு மூன்று நாளாகக் கொழுந்து வரவில்லை, பெக்டரி சும்மாதான் கிடந்தது. ஆனாலும் அவர் தயங்கினார். "சேத்து வாடை தட்டுல ஏறிச்சின்னா, அப்புறம் என் டீயை எவன் வாங்குவான்?"

"மேல் மாடியில அந்தக் கடைசித் தட்டு இருக்குங்களே ஐயா. கொழுந்து கொறஞ்சதுல இருந்து அத நாம பாவிக்கிறதே இல்லையே. பேன் வேலையை நான் பார்த்துக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

டீமேக்கர் ஐயா மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நானும் சின்னதுல அங்கதான் வாசிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

மழையோடு போயிருந்த கரண்ட் திரும்பி வந்த அன்று, கொழுந்து ஏற்றும் லொறியில் கொழுந்துச் சாக்குகளில் புத்தகங்கள் ஏறின. வேலையில்லாமல் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த பத்துப் பதினைந்து பெண்கள், யாரும் கூப்பிடாமலே மாடிக்கு வந்துவிட்டார்கள். தமிழும் சிங்களமும் இங்கிலீசும் கலந்து, நீளமான கம்பிவலைத் தட்டில் புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தினோம். பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் அரைமணிக்கு ஒருதரம் பிரித்துவிட வேண்டும். நான் பிரித்த முதல் புத்தகத்திலேயே தாள் இரண்டாகக் கிழிந்தது. பக்கத்தில் நின்ற அக்கா என் கையிலிருந்து அதை மெல்ல வாங்கினார்.

"நீங்க இழுக்குறீங்க. நுனிய மட்டும் தொட்டுக் கொஞ்சம் பொறுங்க, அதுவா வரும்."

இருபது வருஷம் கொழுந்து பறித்த விரல்கள். விரல் நுனியெல்லாம் கறை ஏறி வெடித்திருந்தது. ஈரத்தாள் அந்த விரல்களுக்கு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. அன்று முழுக்க அவர் கையில் ஒரு தாளும் கிழியவில்லை.

மறுநாள் காலை நான் மாடி ஏறியபோது, படியிலேயே ஒரு சத்தம் கேட்டது. மழை மறுபடியும் தொடங்கிவிட்டதோ என்று பயந்தேன். மழை இல்லை. காய்ந்து லேசான தாள்கள் அத்தனையும் கீழிருந்து வந்த காற்றில் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள். எல்லாம் திறந்திருந்தன, எல்லாம் அசைந்தன. ஜன்னல் வழியே மூட்டம் உள்ளே வந்து அவற்றுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றேன். செருப்பை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை, காலில் சீமெந்தின் குளிர் ஏறியபோதுதான் கீழே பார்த்தேன். வீட்டுக்காரர் சுவிட்ச் பக்கத்தில் நின்றார்.

அன்று மத்தியானம்தான் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. இது அச்சு இல்ல, கையெழுத்து."

ஒரு பழைய நாவல். கடைசிப் பக்கங்களை யாரோ எப்போதோ கிழித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கோடு போட்ட கொப்பித்தாள்களை அளவாக வெட்டி, பசையால் ஒட்டி, பதினொரு பக்கத்தையும் நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள். வேறெங்கோ அதே புத்தகத்தைத் தேடிப்பிடித்து, பார்த்து எழுதியிருக்க வேண்டும். வரிகள் நேராக இருந்தன. கடைசி மூன்று பக்கம் வேறொருவர் கையெழுத்து. யாருடைய பெயரும் இல்லை.

பெண்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். நூலகர் மிஸ் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஏழு வருஷமா இங்க இருக்கேன், எனக்கே தெரியாது" என்றார். ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்கத் தொடங்க, எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். முன்கதை தெரியாமலே கேட்டார்கள்.

அதே நாவல் என் அலுமாரியில், பிரவுண் உறைக்குள் புதிதாக இருந்தது. என் பழைய புத்தி அங்கேயும் தலைகாட்டியது. மிஸ்ஸைத் தனியாக அழைத்தேன்.

"என்கிட்ட இதுல நல்ல பிரதி ஒண்ணு இருக்கு மிஸ். நான் அதை லைப்ரரிக்கே குடுத்திர்றேன். இத நான் எடுத்துக்கட்டுமா?"

அவர் சிரித்தார். "குடுங்க அக்கா, சந்தோஷமா எடுத்துக்கிறேன். ஆனா இது லைப்ரரி புத்தகமாச்சே. கார்ட் போட்டீங்கன்னா ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, கொண்டு போகலாம்."

எனக்குக் கன்னம் சுட்டது. நான் வாங்கவே முடியாத ஒரு புத்தகம் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், இத்தனை வருஷம்.

ஒரு மாதம் கழித்து, சனசமூக மண்டபத்தின் ஓர் அறையில் வாசிகசாலை மறுபடியும் திறந்தது. முதல் நாளே போய் அட்டை போட்டு, அந்த நாவலை எடுத்துவந்தேன். தாள்கள் நெளிந்திருந்தன. முகர்ந்தால் பச்சைக் கொழுந்து வாடும் வாசம். மேசையில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையால் எழுதிய பதினொரு பக்கத்தையும் என் அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு கமாகூட விடுபடவில்லை. ஒரே ஓரிடத்தில்தான் வித்தியாசம். அச்சில் 'அக்கா' என்று இருந்தது, கையெழுத்தில் 'தங்கை'. முன் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். தங்கைதான் சரி. அது அச்சுப்பிழை. சொந்தப் புத்தகம் என்று இரண்டு தரம் வாசித்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. பதினொரு பக்கத்தைக் கையால் எழுதியவர்கள், எழுதும்போதே கதைக்குள் இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாராயிருக்கும்?" என்றார். பிறகு, "இந்தக் கதை என்னான்னு முதல்ல இருந்து சொல்லேன்" என்றார். அந்த இரண்டு கிழமையும் வேலை விட்டு வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

இப்போதும் நான் புத்தகம் வாங்குகிறேன். பிடித்த புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்கும் போகிறேன்.

அந்த நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, ஈரத்தாளைப் பிரித்துக் காட்டிய அந்த அக்கா புது அட்டையோடு மேசைக்கு முன்னால் நின்றார். மிஸ் இரவல் கொப்பியில் என் பெயரை வெட்டிவிட்டு அவர் பெயரை எழுதினார். அக்கா புத்தகத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சேலை முந்தானைக்குள் வைத்து, குடையை விரித்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் அவர் ஏறிப் போவதை, வளைவு மறைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.