அண்ணி அளந்த கால்சியம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'லைட்டை அணை' என்றே பெயர் விழுந்துவிட்டது. நுண்ணோக்கி அறைக் கதவை யார் திறந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். கால்சியம் கூடக்கூட அதிகமாக ஒளிரும் ஒரு சாயத்தைச் செல்களுக்குள் ஏற்றியிருப்பாள். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும்; சாயம் வெளுத்தால் உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு என்று அளக்க முடியாது. என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால், செல்லுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை என்பாள். வம்பளக்கிற வேலைதானே என்று கணவர் கிண்டலடிப்பார்.

அவளுடைய நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை. மாடியில், வேதியியல் பிரிவில், புது மருந்துகளை உருவாக்குபவள். உள்ளே கால்சியம் ஏறினால்தான் கணையச் செல்கள் இன்சுலினைச் சுரக்கும். அதை ஏற்றிவிடும் மருந்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தன் மருந்தை ஊற்றியதும் சாயம் ஏற்றிய எலிச் செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. தலைகால் புரியாமல் ஓடிப்போய் இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். வீட்டிலும் அன்றைக்கு அவள் பேச்சுதான்.

அந்தப் படங்களைப் பார்த்த அண்ணிக்கு ஏதோ உறுத்தியது. செல்களின் ஓரங்கள் உள்வாங்கியிருந்தன. செல் சுருங்கினாலே உள்ளிருக்கும் சாயம் நெருங்கிக் கூடுதலாக ஒளிரும். இரண்டு வெவ்வேறு அலைநீள ஒளியில் பார்க்கும் சாயத்தைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கால்சியம் ஏறியிருந்தால் செல் ஓர் ஒளியில் பிரகாசமாகி, மற்றதில் மங்கும். வெறுமனே சுருங்கியிருந்தால் இரண்டிலும் பிரகாசமாகும்.

அளந்து பார்த்தாள். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் திரையில் காட்டும் கோடு அசையவே இல்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. சாயம் பழசாக இருக்கும், செல்கள் செத்திருக்கும் என்று அடுக்கினாள். கடைசியில் மனத்தில் இருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"எனக்கு நல்ல பேர் வந்தா உங்களுக்குப் பொறுக்கலையா அண்ணி?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"பொறுக்காட்டி பேசாம இருந்திருப்பேன். வெளியாள் அளந்து சொல்லட்டும்னு விட்டிருப்பேன். இப்ப இதைப் பாரு."

செல்லுக்குள் கால்சியத்தைப் புகவிடும் பழைய மருந்து ஒன்றை அதே தட்டில் விட்டாள். ஓர் ஒளி ஏற, மற்றது இறங்க, கோடு விருட்டென்று மேலே போயிற்று. சாயத்திலும் குறையில்லை, செல்லிலும் குறையில்லை. நாத்தனார் எழுந்து போனாள்.

சில நாள் வீட்டில் உம்மென்று இருந்தாள். நடுவில் மாட்டிக்கொண்ட கணவர் இருவரிடமும் வெயிலைப் பற்றி மட்டுமே பேசினார். அண்ணி சமாதானத்துக்குப் போகவில்லை. அளந்தது அளந்ததுதான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஒரு காலையில் நாத்தனார் தானே இயக்குநரிடம் போய், தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு நேராகக் கீழே வந்தாள். கையில் இரண்டு குப்பிகள்.

"மருந்தைக் கொஞ்சம் மாத்திப் பார்த்திருக்கேன். நீங்க அளக்காம இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."

"தேறலைன்னா தேறலைன்னுதான் சொல்வேன்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன் அண்ணி."

முதல் குப்பி மருந்தில் செல்கள் மறுபடியும் சுருங்கின. இரண்டாவதில் ஓர் ஒளி ஏறியது, மற்றது இறங்கியது. நாத்தனார் துள்ளி எழுந்தாள். இன்னொரு தட்டில் பார்க்காமல் குதிக்காதே என்று அண்ணி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். புதுத் தட்டிலும் கோடு அப்படியே ஏறியது.

இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள் அண்ணி. நாத்தனார் விடவில்லை, அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.