தாடைக்குக் கட்டிய துணி

அந்தத் துணி பழுப்புக் காகித உறைக்குள் போவதற்கு முன் ஒரு எஃகுத் தட்டில் கிடந்தது. இரண்டு விரல் அகலம். ஒரு முனையில் நூல் பிரிந்து தொங்கியது. என் கொழுந்தனாரின் வேட்டிக் கரையிலிருந்து நான் கிழித்து, அவர் தாடைக்குக் கட்டியது அது. முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு எதிர்ப்பக்கம் கத்தரித்து எடுத்திருந்தார்கள். சித்தூர் அரசு மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே, நீல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா அதைக் காட்டி, "இத கட்டினது யாரு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், அன்று மாணவியைப் போலக் கையைத் தூக்கினேன்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவரின் தம்பி, மாந்தோப்பு மோட்டார் கொட்டகையில் குப்புற விழுந்து கிடந்தார். சித்திரை வெயில். மாலை ஐந்து மணிக்குத்தான் ஆள் பார்த்தது. நெற்றியில் காயம். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ரத்தம். வீட்டுக்குத் தூக்கிவந்து நாங்கள் செய்ததெல்லாம் எந்தச் சாவு வீட்டிலும் செய்வதுதான். குளிப்பாட்டினோம், நெற்றிக் காயத்தின்மேல் விபூதி பூசினோம். என் கணவர் தம்பியைத் தொடாமல் திண்ணைக்குப் போய்விட்டார். ஆகவே தாடையையும் கால் பெருவிரல்களையும் நான்தான் கட்டினேன். பிறகு வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டோம். மறுநாள் காலை அவருடைய மைத்துனர் வந்து, விபூதியைத் துடைத்துக் காயத்தைப் பார்த்தார். நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

காரணம் என் மகன். திருப்பதியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். படிப்பை விடப்போகிறேன் என்று சொன்னதற்காக, இறப்பதற்கு முந்தின நாள் டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க அவனை அறைந்திருந்தார் சித்தப்பா. "நீ செத்தாதான் இனி இந்த ஊர்ல கால் வெப்பேன்" என்று இவன் கத்தியதை அந்தப் பத்துப் பேரும் கேட்டிருந்தார்கள். இறந்த நாள் காலை பதினோரு மணிக்கு அவன் கொட்டகைப் பக்கம் போனதையும் ஒருவர் பார்த்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் முகம் கொடுக்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன் என்றான். கோபத்தில் போனை அணைத்து வைத்திருந்தான். திருப்பதிக்கு இரண்டு மணி நேரப் பஸ்; பகல் இரண்டு மணிக்கு விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அவர் இறந்தது பன்னிரண்டு மணிக்கு முன்பா, பின்பா?

சாவுச் செய்தி தெரிந்ததும் விடுதி நண்பனின் போனில் அவனைப் பிடித்தேன். நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பஸ் டிக்கெட் வெச்சிருக்கியா?" "தூக்கிப் போட்டுட்டேன்மா. ஏன்?" என்றான். சித்தப்பா செத்துப்போனதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இந்த வரிசையை இன்று மாற்ற முடியாது.

பிணவறை வாசலில் இருந்த உதவியாளர் எங்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஐஸ்ல வெச்சி, மாப்ள மாதிரி அனுப்பிட்டு, எப்ப செத்தாருன்னு எங்கள கேக்கறீங்களே." டாக்டரம்மா அவரைக் கண்ணால் அடக்கினார். ஆனால் அவர் சொன்னது சரிதான். உடம்பின் சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து நேரத்தைக் கணக்கிடுவார்களாம். ஐஸ் பெட்டி அந்த வழியை அடைத்துவிட்டது. உடம்பு விறைப்பதை வைத்துச் சொல்லலாம். இரவு முழுக்கக் குளிரில் கிடந்த உடம்பில் அதுவும் பயனில்லை. மிச்சம் இருந்தது, முந்தின நாள் மாலை அந்த உடம்பைத் தொட்டுத் திருப்பிக் கட்டியவளின் கைகள்.

ஐம்பது வயதிருக்கும் டாக்டரம்மாவுக்கு. தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். என்னை "டீச்சர்காரு" என்று அழைத்தார். எஸ்.ஐ. நோட்டைத் திறந்து வைத்திருக்க, தன் வலது கையை மேஜைமேல் நீட்டினார். "நேத்து அவரு கைய மடக்கி மார்மேல வெச்சீங்க இல்லியா? இப்ப என் கைய அப்டியே மடக்குங்க." மடக்கினேன். எளிதாக மடங்கியது. அவர் கையைச் சற்று இறுக்கினார். "இப்டியா?" இன்னும் இறுக்கினார். "இல்ல, இப்டியா?"

அந்த நிமிடத்தை நான் நேர்மையாக எழுத வேண்டும். பொய் சொல்லத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எந்தப் பொய் என் மகனைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டையாக இருந்தது என்றால் நல்லதா? துவண்டு கிடந்தது என்றால் நல்லதா? அறிவியல் பாடம் நடத்துகிறவளுக்கு அது தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "எந்த பதிலு உங்களுக்கு நல்லதுன்னு யோசிக்காதீங்க டீச்சர்காரு. யோசிச்சா கை மறந்துபோவும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். கை மறக்கவில்லை. தாடை மூடவே இல்லை. எவ்வளவு அழுத்தியும் வாய் பாதி திறந்தே நின்றது, அதனால்தான் துணியை அவ்வளவு இறுக்கினேன். முழங்கை கொஞ்சம் எதிர்த்தது, பிறகு இணங்கியது. கால்கள் தூங்குகிறவரின் கால்களைப் போல இருந்தன; இழுத்த பக்கம் வந்தன. எது எவ்வளவு எதிர்த்தது என்று டாக்டரம்மாவின் கையிலேயே அழுத்திக் காட்டினேன்.

"சாப்பாடு எத்தன மணிக்கு துன்னுவாரு?" என்று கேட்டார். மூலையில் அழுதுகொண்டிருந்த அவர் மனைவி, என் ஓரகத்தி, தலை நிமிராமல் பதில் சொன்னாள். "காலைலயே களி குடுத்தனுப்பிடுவேன். கரெண்டு போய் மோட்டாரு நின்னாதான் துன்னுவாரு. ஓடிக்கினு இருந்தா, ராஜாவே கூப்ட்டாலும் வரமாட்டாரு." விவசாயக் கரெண்டு அன்று ஒரு மணிக்கு நின்றதை எஸ்.ஐ. மின்சார அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மாலையில் டாக்டரம்மா எங்களை மறுபடி கூப்பிட்டார். வயிற்றில் கேழ்வரகுக் களியும் கீரையும் ஏறக்குறைய தின்றபடியே இருந்தன. காயம் தோலோடு நின்றுவிட்டது. மண்டை ஓட்டிலும் மூளையிலும் ஒன்றுமில்லை. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. "விழுந்து சாகலம்மா. மாரு அடைச்சிதான் விழுந்திருக்காரு" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "மணின்னு ஒண்ண சொல்றவன நம்பாதீங்க. இதுக்கும் இதுக்கும் நடுவுலன்னுதான் எங்களால சொல்ல முடியும். காலைல போயிருந்தா, இந்த வெயிலுக்கு சாயந்தரம் அஞ்சுக்குள்ள காலும் கட்டையாயிருக்கும். துன்னது கரெண்டு நின்னப்புறம். அதனால ஒண்ணுக்கும் மூணுக்கும் நடுவுல." எஸ்.ஐ. நோட்டை மூடினார். காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்த என் மகன் அன்றே வெளியே வந்தான்.

போகும்போது டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். "பையன் கிட்ட உக்காந்து பேசுங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். நான் பேசவில்லை. எப்படி ஆரம்பிப்பது? உன்னைச் சந்தேகப்பட்டேன் என்றா? ஒரு டாக்டர் சொன்ன பிறகுதான் நம்பினேன் என்றா?

போன மாதம், நெடுநாள் படுக்கையில் கிடந்த என் நாத்தனார் எங்கள் வீட்டில் இறந்தார். சந்தேகப்பட ஒன்றுமில்லாத சாவு. பக்கத்து வீட்டம்மா வெள்ளைத் துணியைக் கிழித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு, என்னையறியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். இளகித்தான் இருந்தது, தானாக மூடிக்கொண்டது. துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் மகன் வாசற்படியில் நின்றிருந்தான். திருப்பதியிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறான். நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

"வா நைனா" என்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அத்தையின் காலைத் தொட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, நான் கேட்காமலே, மீதித் துணியைப் பிடித்திருந்த என் கையில் வைத்தான்.