வேண்டாவெறுப்பாக விலகியவர்

தேவசகாயம் சார் இறந்த செய்தி பள்ளியின் பழைய ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் காலை ஆறரைக்கு வந்தது. "இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்து, சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகியவர்" என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்த வரி பொய் என்று அவரை அறிந்த உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளி தமிழ்வழி வகுப்புகளை மூடியபோது நான் உட்பட ஐந்து ஆசிரியர்களை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நீக்கினால் கேள்வி வரும். ஆகவே நாங்களே விலகுவதாகக் கடிதம் வேண்டுமாம். எழுத்தர் சொல்லச் சொல்ல, எட்டாம் வகுப்பு டிக்டேஷன் போல நான்கு பேர் எழுதினோம். சார் மட்டும் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதற்குப் பதில் 'வேண்டாவெறுப்பாக' என்று எழுதினார்.

"இன்னா சார் இது, ஒரு வார்த்தைக்கோசரம் பேஜார் பண்றீங்க?" என்றார் எழுத்தர். "வேணும்னா தயக்கத்தோடன்னு போடுங்க. நான் மேல பேசிக்கிறேன்."

"தயங்கறவன் இன்னும் முடிவு பண்ணலப்பா. நான் பண்ணிட்டேன், போறேன். பிடிக்காம போறேன். அதுக்கு இதுதான் வார்த்தை."

அந்தக் கடிதத்தை அவர்கள் வாங்கவில்லை. மாற்றி எழுதும்வரை பணிச்சான்றிதழ் கிடையாது என்றார்கள். அது இல்லாமல் வேறு பள்ளிகள் அவரைச் சேர்க்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு மாடியறையில் டியூஷன் எடுத்தார். எனக்கு ஊரப்பாக்கத்தில் அடுத்த மாதமே வேலை கிடைத்தது.

பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி காபி வைத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னேன். "மாத்திக் குடுத்துடுங்க சார். அக்காவைப் பாருங்க, எவ்வளவு இளைச்சிட்டாங்க."

"ஸ்கூல்ல அனுப்பினாங்க, சரி. ஆசையா போனேன்னு நான் வேற சொல்லணுமா?"

"அவர் மாத்தினா அன்னிக்குச் சோறு கிடையாது," என்றார் அவர் மனைவி உள்ளிருந்து. "நீங்க காபியக் குடிங்க சார்."

பிறகுதான் சார் அதைக் கேட்டார். "அன்னிக்கு என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. மடமடன்னு எழுதினீங்க. கொஞ்சமாவது கை நின்னுதா சார்?"

நிற்கவில்லை. அழகான கையெழுத்தில் எழுதி முதலில் கொடுத்தவன் நான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவர் இறக்கும்வரை, நான்கு வருடங்கள், அந்தப் பக்கம் போகவில்லை.

பள்ளிமீது எனக்குள்ள கோபம் ஆறாது. அவர்மீதும்தான். உங்களில் பலருக்கு அவருடைய செய்யுள் வகுப்புகள் நினைவிருக்கும். எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கேள்வி. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் தந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.